பதினெட்டா, இருபத்தொன்றா?

மது பற்றிப் பேச்செடுத்தால், "அது எங்கள் வீட்டு விடயமல்லவே" என்று நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மார்க்கம் விலக்கிய ஒன்றை எத்தனை வயதில் வாங்கலாம் என்பதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இருபத்தாறு வருடங்களாக மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குடியிருக்கும் என்னால் இந்த விடயத்தில் ஒதுங்கி நிற்க முடியவில்லை. இங்கே ஒரு வீட்டு வாசலைத் திறந்தால் அடுத்த வீட்டு வாசல்தான் தெரியும். ஒரு வீட்டுப் பிள்ளை தள்ளாடிக்கொண்டு படியேறினால், எட்டு வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கின்றன. முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறோம். நாட்டின் சட்டமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கள் தையல் வகுப்பில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தையல் பழக வரும் ஒரு தங்கை துணிந்து கேட்டாள்.

"டீச்சர், பதினெட்டு வயசில வோட்டுப் போட ஏலும், வாகனம் ஓட்ட ஏலும். அப்ப ஒரு போத்தல் வாங்க மட்டும் ஏன் இருபத்தொண்டு வரைக்கும் நிக்கணும்? குடிக்கிறது சரியெண்டு நான் சொல்லல்ல. சட்டத்தில ஒரு ஞாயம் ஈக்கணும் தானே?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. உலகின் பல நாடுகளில் பாராளுமன்றங்களே இந்தக் கேள்வியை விவாதித்திருக்கின்றன.

எமது நாட்டுச் சட்டம்

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையை உருவாக்கியது. 'மதட்ட தித்த' என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்த காலம் அது. 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுசாரமோ சிகரட்டோ விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மதுவுக்கும் சிகரட்டுக்கும் விளம்பரம் செய்வதையும் அதே சட்டம்தான் தடை செய்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டில் ஒருவர் முழு வயதை அடையும் எல்லை 21 இலிருந்து 18 ஆக 1989ஆம் ஆண்டிலேயே குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே 2006இல் சட்டம் செய்தவர்களுக்குப் பதினெட்டு வயதில் ஒருவர் பெரியவர் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் மதுவுக்கு 21 என்று வைத்தார்கள்.

இன்னொன்று, இந்தத் தடை விற்பவருக்கே விதிக்கப்பட்டிருக்கிறது. கேட்டு வரும் இளைஞனை அல்ல, கேட்டதும் எடுத்துக் கொடுப்பவரைத்தான் சட்டம் தடுக்கிறது. இதை எம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

பெண்கள் மது வாங்குவது பற்றிய விதி வேறு. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்திருந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர ஒரு வர்த்தமானி மூலம் அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை இரத்துச் செய்யப் பணித்தார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். ஒரு வர்த்தமானியால் வந்தது, ஒரு வாரத்துக்குள் போயிற்று. ஆனால் 21 என்ற வயதெல்லை பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எழுதப்பட்டது. அதைக் குறைக்க ஓர் அமைச்சரின் கையெழுத்துப் போதாது.

குறைக்கச் சொல்பவர்களின் நியாயம்

குறைக்க வேண்டும் என்பவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். மூன்றையும் நேர்மையாகக் கேட்போம்.

முதலாவது, தையல் வகுப்புத் தங்கை சொன்னதுதான். எல்லாவற்றுக்கும் பெரியவன், இதற்கு மட்டும் சிறுவனா?

இரண்டாவது, தடுத்தால் மறைவில் குடிப்பார்கள். மறைவில் குடித்தால் அளவின்றிக் குடிப்பார்கள் என்பது. 2008இல் அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் இதையே சொல்லி, வயதெல்லையை மீண்டும் விவாதிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். அவர்கள் மதுக் கம்பனிக்காரர்கள் அல்லர். மாணவர்களின் விடுதிகளில் நடப்பதைக் கண்டவர்கள்.

மூன்றாவது, ஐரோப்பாவைக் காட்டுவது. அங்கே பெரும்பாலான நாடுகளில் வயதெல்லை 18. ஜேர்மனியில் பியரும் வைனும் 16 வயதிலேயே வாங்கலாம்.

இவற்றை வெறும் வாதமாக எடுத்துக்கொண்டால் முடிவு காண்பது கடினம். குறைத்துப் பார்த்த நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்பதே நல்லது.

குறைத்துப் பார்த்த நாடுகள்

அமெரிக்காவில் 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆக்கப்பட்டது. "வாக்குக்கு 18 என்றால் மதுவுக்கும் குறையுங்கள்" என்ற குரல் அங்கும் எழுந்தது. 1970க்கும் 1975க்கும் இடையில் 29 மாநிலங்கள் மதுவுக்கான வயதைக் குறைத்தன. பிறகு அந்த வயதுப் பிள்ளைகளின் வீதி விபத்துகள் கூடின என்று ஆய்வுகள் காட்டின. 1980இல் கலிபோர்னியாவில் குடிபோதைச் சாரதி ஒருவர் மோதி 13 வயது மகளை இழந்த கென்டி லைட்னர் என்ற தாய், குடித்து வாகனம் ஓட்டுவதற்கு எதிராகத் தாய்மாரைச் சேர்த்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மகளைக் கொன்ற சாரதி இளைஞன் அல்லன், நடுத்தர வயதினன். ஆயினும் வயதெல்லையை உயர்த்தவும் அந்தத் தாய்மார் பாடுபட்டார்கள். 1984இல் நாடு முழுவதற்கும் 21 என்ற சட்டம் வந்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் அதற்கு வந்து சேர்ந்தன.

நியூசிலாந்து 1999இல் வயதெல்லையை 20 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன்னும் பின்னும் நடந்த வாகன விபத்துகளை ஒப்பிட்டது. அனுமதி கிடைத்த 18, 19 வயதினரின் விபத்துக் காயங்கள், அவர்களை விட மூத்த இளைஞர்களோடு ஒப்பிடும்போது கூடியிருந்தன. இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் அனுமதியே கிடைக்காத 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடமும் அவை கூடியிருந்தன. 2012இல் வயதை மீண்டும் உயர்த்தும் யோசனை அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அது நிறைவேறவில்லை. ஒரு முறை குறைத்துவிட்டால் திரும்ப உயர்த்துவது எளிதல்ல.

வேறு சில இடங்கள் உயர்த்தியிருக்கின்றன. லித்துவேனியா 2018இல் 18ஐ 20 ஆக்கியது. கேரளா 2017இல் 21ஐ 23 ஆக்கியது. மறுபுறம் ஹரியானா 2021இல் 25ஐ 21 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் அங்கே எமது நாட்டு எல்லையே நிற்கிறது.

மூத்தவன் வாங்குவான், இளையவன் குடிப்பான்

நியூசிலாந்தின் அந்தப் 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் தொடர்மாடியிலேயே அதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு தாய். கணவர் வெளிநாட்டில். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனுக்கு 19, இளையவனுக்கு 15. கெத்தாராமை மைதானத்தில் இரவு மெச் நடந்த ஒரு நாள், மூத்தவனும் கூட்டாளிமாரும் ஒரு கடையில் போத்தல்கள் வாங்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடையில் எவரும் வயதைக் கேட்கவில்லை. மெச் பார்க்க நானாவின் பின்னால் போன இளையவனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்திருக்கிறார்கள். பிறகு இன்னொன்று. நள்ளிரவில் அந்தப் பிள்ளை நினைவில்லாமல், உடம்பு குளிர்ந்து, வாந்தியோடு கிடந்தான். நாங்கள் மூன்று பெண்கள்தான் அவனைத் தூக்கிப் படியிறக்கி த்ரீவீலில் ஏற்றினோம். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் அந்தத் தாயின் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைகள எப்படி வளர்த்த?" கடைக்காரர் எப்படி விற்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சட்டம் விரல் நீட்டுவது விற்றவரை நோக்கி. சமூகம் விரல் நீட்டியது பெற்றவளை நோக்கி.

தங்கையின் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. வோட்டு ஒருவன் கையிலிருந்து அவன் தம்பி கைக்குப் போவதில்லை. போத்தல் போகும். பதினெட்டு வயதுப் பையன் பாடசாலையின் உயர்தர வகுப்பில் இருக்கிறான். அவனது கூட்டாளிமாரில் பதினாறும் பதினேழும் உண்டு. இருபத்தொரு வயதுக்காரன் பெரும்பாலும் பாடசாலையை விட்டுத் தொழிலுக்கோ மேற்படிப்புக்கோ போய்விடுகிறான். எனவே எல்லையை 18க்கு இறக்கினால் போத்தல் பாடசாலைக்குள்ளேயே வந்துவிடும். 21 என்ற எண் 20 வயதுக்காரனை அவமதிக்க வைத்ததல்ல. அவனுக்குப் பின்னால் வருகிற 15 வயதுக்காரனைக் காப்பதற்கு வைத்த இடைவெளி.

வைத்தியர்கள் சொல்வதும் இதற்குத் துணையாக இருக்கிறது. மனித மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது. ஆபத்தை எடைபோடும் பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 21க்குப் பின் தொடங்கியவர்களை விட ஏறத்தாழ நான்கு மடங்கு. இனி எந்த வயதிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மறைவில் குடிப்பார்கள் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. மறைவில் நடப்பது முற்றாக நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் வெளிச்சத்தில் விற்கப்படுவதுதானே மறைவிடத்துக்குப் போகிறது? மொட்டை மாடிக்கு வந்த போத்தல் மின்குமிழ் எரியும் ஒரு கடையிலிருந்துதான் வந்தது.

கடையில் குறையும் வயது

பாராளுமன்றம் வயதைக் குறைக்கவில்லை. ஆனால் அடையாள அட்டையைக் கேட்காமல் விற்கும் ஒவ்வொரு கடையும் அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வயதை அறிவது அத்தனை கடினமா? 2000ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களின் தேசிய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள்தான் பிறந்த ஆண்டு. இருபத்தொன்றைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது போதும். கணக்குப் பார்த்துக் காசு வாங்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

தூள், ஐஸ் என்று நாம் பயந்து நடுங்குகிறோம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயத்தில் பியர் டின் ஒரு சின்ன விடயமாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. "அதுவாச்சும் பரவாயில்ல" என்று தாய்மார் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் கையில் இருப்பது சட்டம் அனுமதித்த போதையா, தடுத்த போதையா என்பதை அவனது ஈரல் பார்ப்பதில்லை.

நாம் செய்யக் கூடியவை

வயதெல்லையைக் குறைக்கும் பேச்சு எப்போது வந்தாலும், மாதர் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில், பன்சலை நிர்வாகங்களும் சேர்ந்து எழுத்தில் எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டும். அதை விட முக்கியம், இருக்கிற எல்லையை உயிரோடு வைத்திருப்பது. சிறுவருக்கு விற்கும் கடையைப் பற்றி மதுவரித் திணைக்களத்துக்கும் பொலிசுக்கும் அதிகார சபைக்கும் எழுதுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் குறியுங்கள். தனியாக எழுதப் பயமென்றால் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

வீட்டில் மூத்த பிள்ளையோடு பேசுங்கள். "குடிக்காதே" என்பதோடு நிறுத்தாமல், "தம்பி உன்னைப் பார்த்துத்தான் நடப்பான்" என்பதையும் சொல்லுங்கள். போதையில் ஒரு பிள்ளை நினைவிழந்து கிடந்தால், மானம் போகுமே என்று கதவைச் சாத்தாதீர்கள். அவனை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

சகோதரிகளே, அப்படி ஒரு வீட்டில் நடந்தது என்று கேள்விப்பட்டால் அந்தத் தாயிடம் வளர்ப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்தக் கடை என்று கேளுங்கள்.