335 மூட்டை சிமெண்ட் சொல்லும் பாடம்

உங்கள் ஊருக்கு 335 மூட்டை சிமெண்ட் இலவசமாக வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்?

1970-ம் ஆண்டு இறுதியில் தென்கொரியாவின் 33 ஆயிரத்துக்கும் அதிகமான கிராமங்களுக்கு இப்படித்தான் சிமெண்ட் வந்தது. அங்கே ஆலைகளில் உற்பத்தி தேவையை மிஞ்சி, சரக்கு தேங்கிக் கிடந்தது. ஆலைகளையும் காப்பாற்ற வேண்டும், பின்தங்கிய கிராமங்களையும் தூக்கிவிட வேண்டும். அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு, தேங்கிய சிமெண்டை கிராமங்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு பங்கு போடக்கூடாது, ஊர்ப் பொது வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. எந்த வேலை என்பதை ஊர் கூடி முடிவு செய்துகொள்ளலாம்.

பல ஊர்கள் பாதையை அகலப்படுத்தின, பாலம் கட்டின, கிணற்றைச் சீரமைத்தன. சில ஊர்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த கட்டத்தில், நன்றாகச் செயல்பட்ட சுமார் 16,600 கிராமங்களுக்கு மட்டும் தலா 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் இரும்புக் கம்பியும் கிடைத்தன. 'புதிய கிராமம்' எனப் பொருள்படும் 'சேமாவுல்' இயக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

சிமெண்ட் மட்டுமே கிராமத்தை மாற்றிவிடவில்லை. 1960-களில் நகரத் தொழிலாளர்களுக்காக அரிசி விலையை அடக்கி வைத்திருந்த அரசு, பிறகு அந்தக் கொள்கையை மாற்றியது. விவசாயியிடம் கூடுதல் விலைக்கு வாங்கி, நகரத்தில் குறைத்து விற்றது. இழப்பை அரசே ஏற்றது. பாதையோடு விலையும் வந்ததால்தான் உழைப்புக்குப் பலன் கிடைத்தது.

அதே அரசு நெல் ரகத்தில் சறுக்கியது. நம் விவசாயிகள் அறிந்த ஐ.ஆர்.8 வழியில் வந்த 'தோங்கில்' ரகத்தை 1972 முதல் பரப்பியது. விளைச்சல் உயர்ந்தது, 1970-களின் நடுவில் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. ஆனால் அந்த ரகம் குளிர் தாங்காது. கொரியர்கள் விரும்பும் ஒட்டும் தன்மையும் அதில் குறைவு. தயங்கிய விவசாயிகளை அதிகாரிகள் வற்புறுத்தினர். வேறு ரக நாற்றங்கால்களை மிதித்து அழித்ததும் உண்டு. 1978-ல் குலைநோய் தாக்கியது. 1980-ல் கடுங்குளிர் பயிரைக் கெடுத்தது. பிறகு விவசாயிகள் அந்த ரகத்தைப் படிப்படியாகக் கைவிட்டனர்.

உழவியல் படித்த எனக்கு இந்த இரண்டாவது கதைதான் அதிகம் உறுத்துகிறது. ரகத்தின் குறையை முதலில் பார்த்தவர் விவசாயி. அவர் சொன்னதைக் கேட்கத்தான் ஆளில்லை. சிமெண்டில் ஊர் முடிவு செய்தது; விதையில் அலுவலகம் முடிவு செய்தது.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது, கிராம சபையில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். இதில் நாங்கள் முடிவு செய்வது எது? விளைந்த பிறகு எங்களுக்கு என்ன விலை கிடைக்கும்? இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.