சீருடையும் சிறகும்

மன்னார்த் தீவின்மேல் விரிந்து கிடக்கும் வானம் பறவைகளுக்குப் பழகிய வானம். வாடைக்காற்று எழும் காலத்திலே வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிய புள்ளினங்கள் மலையும் கடலும் கடந்து வந்து இம்மண்ணில் இறங்குகின்றன. 2010ஆம் ஆண்டில் இராம்சார் ஈரநிலப் பட்டியலிலே சேர்க்கப்பெற்ற வங்காலைப் புகலிடத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும் காட்சி காண்பார் கண்ணைக் கவர்வது. அவற்றுக்குப் பறக்கும் கலையைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டா, பொருளும் வேண்டா. மனிதன் பறப்பதற்கோ இரண்டும் வேண்டும்.

இவ்வானத்தை அண்ணாந்து நோக்கி வளரும் மாணாக்கர் சிலர் உயர்தர வகுப்பை எட்டும்போது ஒரு வினாவை எழுப்புகின்றனர். "பயணிகள் விமானம் ஓட்ட விரும்புகிறேன், அதற்கான பணம் வீட்டில் இல்லை, விமானப்படையிற் சேர்ந்தால் அவ்வழியே போகலாம் என்கிறார்களே, உண்மையா?" என்பதே அவ்வினா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்கத் தக்கதன்று இது. மன்னார்க் கரையிலே கேட்கப்படும்போது இதன் பாரம் இன்னும் மிகுகின்றது.

விமானியைக் குறிக்கும் பழஞ்சொற்கள் நம்மிடம் உண்டு. கலம் செலுத்துவோனை மீகாமன் என்றும் தேர் செலுத்துவோனை வலவன் என்றும் முன்னோர் வழங்கினர். நல்வினை செய்தோர் வலவன் வேண்டாத வானவூர்தியிலே செல்வர் என்னும் கருத்தை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் அமைத்துப் பாடினார். அவ்வூர்தி விண்ணுலகிற்கு உரியது. மண்ணுலகத்து ஊர்திக்கு வலவன் இன்றியமையாதவன். அவனைப் பயிற்றுவதற்கு ஆகும் செலவோ பெரிது.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வேந்தன் ஒரு வினைமேற் செல்லுமுன் எண்ண வேண்டியவை அவை. படைவழியே விமானியாக எண்ணும் இளைஞனும் அந்நான்கையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் நன்று.

முதலாவது, ஆவதும் அழிவதும் தெரிதல். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற 18 வயதும் பொதுவாக 200 மணிநேரப் பறப்பும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சியாயின் 150 மணிநேரம் போதும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்குரிய அனுமதிப்பத்திரத்துக்கோ 21 வயதும் 1500 மணிநேரமும் வேண்டும். தனியார் பயிற்சிக் கழகத்தில் இம்மணிநேரங்களை ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்க வேண்டும். வள்ளத்தையும் வலையையும் விற்றாலும் ஒரு மீனவக் குடும்பத்தால் அவ்விலையைக் கட்டிமுடிக்க இயலாது. படையிலோ எரிபொருளும் ஆசிரியரும் விமானமும் அரசின் செலவு. பயில்வோனுக்கு ஊதியமும் உண்டு. ஏழைக்கு இவ்வழி கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இது புதிய வழியும் அன்று. உலகின் விமான சேவைகள் பலவும் படைவீரர் தோள்மீதே எழுந்தன. 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அவ்வஞ்சலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். பிரித்தானிய அரச விமானப்படையில் பணியாற்றி விலகிய அவரே அச்சேவையைத் தொடங்கும் எண்ணத்தை டாட்டாவிடம் கொண்டுசென்றவர். 1938இல் அச்சேவை கொழும்பு வரை நீண்டது. ஆயினும் படையின் பிடி எளிதில் விடுவதன்று. 1942ஆம் ஆண்டு, போர்க்காலப் பயணம் ஒன்றிலே வின்சென்ட் ஏறிச்சென்ற விமானம் திரும்பவில்லை.

நம் நாட்டிலும் இத்தொடர்பு உண்டு. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. சீதாதேவி என்று பெயர் சூட்டப்பெற்ற அவ்விமானம் டக்கோட்டா இனத்தது. போர்க்காலத்திலே படைகளுக்கெனப் பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்டு, போர் ஓய்ந்தபின் உலகெங்கும் பயணிகள் சேவைக்கு மாறிய இனம் அது. விமானிகளும் அவ்வாறே மாறினர். 1951இல் இலங்கைக்குத் தனி விமானப்படை அமைந்தது. 1970களில் அப்படையே ஹெலிரூர்ஸ் என்னும் பெயரில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச்செல்லும் சேவையைத் தொடங்கியது. அதனை ஓட்டியோர் விமானப்படையினரே. எனவே படைக்கும் பயணிக்கும் இடையிலுள்ள பாலம் மெய்யானது.

இரண்டாவது, வலியறிதல். படையிற் சேர்தல் வேறு. படையில் விமானியாதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாது கையொப்பமிடுவோர் பின்னர் வருந்த நேரும். சாதாரண வீரனாகச் சேர்பவன் விமானத்தைக் காவல் காப்பான், அல்லது பழுதுபார்ப்பான். அதனை ஓட்டுபவன் விமானிப் பிரிவுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட பயிலுநர் அதிகாரியே. கணிதம், பௌதிகம், ஆங்கிலம் ஆகியவற்றிலே தேர்ச்சியும், கண் முதலிய உறுப்புகளின் குறைவற்ற நலமும் அங்கு வேண்டப்படும். சீனன்குடாவிலுள்ள பயிற்சிக் கழகத்திலே சிறிய விமானத்திற் பறக்கத் தொடங்குவோர் எல்லாரும் சிறகு பெறுவதில்லை. பறப்பிலே தேறாதவன் வேறு பிரிவுக்கு மாற்றப்படலாம்; அப்போதும் அவன் படைக்குக் கட்டுப்பட்டவனே. தேறியவனும் தான் விரும்பிய விமானத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. உலங்குவானூர்திக்கு அனுப்பப்பட்டால், அங்கே திரட்டிய மணிநேரம் பயணிகள் விமானத்துக்கு முழுமையாக உதவாது. அதற்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். படையின் சிறகு குடிசார் அனுமதிப்பத்திரம் ஆகாது என்பதையும் மறத்தலாகாது. விலகியபின் குடிசார் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் தேர்வுகளை எழுதியே அதனைப் பெறுதல் வேண்டும்.

படைப்பயிற்சி தரும் வலிமை யாது? சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் மயிற்பொறி ஒன்றை அமைப்பித்து, அதனை வலமாகத் திரித்தால் எழும், இடமாகத் திரித்தால் இறங்கும் என்று தேவி விசயைக்குப் பழக்கிவைத்தான். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில், வயிற்றிலே மகவைச் சுமந்த அவள் அஞ்சாது ஏறிச்செல்ல முடிந்தது அப்பழக்கத்தாலன்றோ? இடர் வருமுன் பலநாட் பழகிய கை, இடர் வந்தபோது நடுங்காது. 2009 சனவரி 15ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பறவைக் கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் வலுவிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றின்மேல் இறக்கி, 155 பேரையும் காத்தவர் செஸ்லி சல்லன்பர்கர். 1980 வரை அமெரிக்க விமானப்படையிலே போர்விமானம் ஓட்டியவர் அவர். 1989 யூலை 19இல் திசைதிருப்பும் ஆற்றலை முற்றும் இழந்த விமானத்தை அயோவா மாநிலத்திலே தரைக்குக் கொணர்ந்த அல் ஹெயின்சும் முன்னாட் படை விமானியே. அன்று 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினர்.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. மேலோன் சொல்லை மறுக்காதிருத்தல் படையின் அறம். பயணிகள் விமானத்திலோ தலைமை விமானி தவறும்போது இளைய விமானி தடுத்துரைத்தல் அறம். 1997 ஓகத்து 6ஆம் நாள் குவாம் தீவிலே மலைமேல் மோதி 200க்கு மேற்பட்டோர் மாளக் காரணமான கொரிய விமானத்தின் தலைமை விமானி முன்னாள் விமானப்படையினர். உடனிருந்தோர் அவர் செயலை உரியவாறு சரிபார்க்கத் தவறியதையும் விசாரணையாளர் காரணமாகக் காட்டினர். ஹெயின்சோ தம் வெற்றியைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, உடனிருந்தோர் அனைவரும் கூடிப் பேசிச் செய்த செயல் அது என்றே பலகால் கூறிவந்தார். ஆதலின் படையிலிருந்து வருவோன் தேர்ச்சியை உடன்கொண்டு வரவேண்டும். அதிகாரத்தை வாயிலிலேயே விட்டுவரவேண்டும்.

மூன்றாவது, காலமறிதல். அரசு கொடுத்த பொருளை ஆண்டுகளாகத் திரும்பப் பெறுகின்றது. இந்திய விமானப்படையில் குறுகிய காலப் பணி என்று பெயர் பெற்றதே விமானிக்கு 14 ஆண்டுகள். அமெரிக்க விமானப்படையிலே பயிற்சி முடிந்தபின் 10 ஆண்டுகள். நம் நாட்டிலும் ஒப்பந்தம் உண்டு. இடையில் எழுந்து போதல் இயலாது. இருபத்திரண்டில் சிறகு பெற்றவன் முப்பத்தைந்தை அண்மித்தே வெளியே வருவான். பயணிகள் விமானத்தை 65 வயது வரையும் ஓட்டலாமாதலின் அவனுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் உண்டு. ஆயினும் அவன் அங்கே புதியவனாகவே சேர்வான். தன்னிலும் இளையவன் கீழ்ப் பணிபுரிய வேண்டிவரும். அமெரிக்காவிலே துணை விமானியாவதற்கு வேண்டிய 1500 மணிநேரத்தைப் படையிலிருந்து வருவோர்க்கு 750 ஆகக் குறைத்துள்ளனர். இத்தகைய சலுகை எல்லா நாட்டிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது.

நான்காவது, இடனறிதல். மன்னார்க் கரையின் இளைஞனுக்கு ஏனைய மூன்றினும் அரியது இதுவே.

1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரிலே நம் வானம் பறவைகளின் வானமாக மட்டும் இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னாருக்கு வடக்கேயுள்ள கடலின்மேற் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிற் சென்ற 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவுகள் 2012இல் இரணைதீவை அண்டிய கடலடியிலே கண்டெடுக்கப்பட்டன. 2007 சனவரி 2ஆம் நாள் இலுப்பைக்கடவையை அடுத்த படகுத்துறை மீனவர் குடியிருப்பின்மேல் விமானப்படை குண்டு வீசியது. குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பலர் மாண்டனர். தாக்கப்பட்டது கடற்புலிகளின் தளம் என்று அரசு உரைத்தது. மாண்டோர் பொதுமக்கள் என்று மன்னார் ஆயர் உரைத்தார். ஒரே கடற்கரை, ஒரே வானம். வீழ்ந்தவரும் எரிந்தவரும் பெரும்பாலும் நம்மவரே.

இந்நினைவுகள் இருக்கும் ஊரிலே ஒரு மகன் விமானப்படைச் சீருடை அணிந்து வீதியில் நடந்து வந்தால், அயல்வீட்டுத் தாய் அவனை எவ்வாறு நோக்குவாள்? காணாமற்போன மகனின் படத்தைச் சுவரிலே மாட்டிவைத்திருக்கும் தாயாக அவள் இருந்தால்? அவனைப் பழிப்பது நம் கருத்தன்று. நாட்டின் குடிமகன் எவனுக்கும் படையிற் சேரும் உரிமை உண்டு. வடபுலத்துப் பிள்ளைகளும் படையில் இருந்தால் அப்படையின் கண் மாறும் என்று கருதுவோரும் உளர். அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அவ்வுரிமையை எடுப்பவன் அதன் விலையைத் தான் மட்டும் கொடுப்பதில்லை. அவன் தாயும் தங்கையும் சேர்ந்து கொடுப்பர். அதனை முன்கூட்டியே வீட்டாரோடு இருந்து பேசிவிடுதல் வேண்டும்.

இதற்கும் மேலான ஒன்று உண்டு. படை என்பது வேறிடத்துக்குப் போக ஏறும் ஓடமன்று. அது தனியொரு கடமை. குண்டை ஏற்றிச்செல்லுமாறு ஆணை வந்தால், "நான் பயணிகளை ஏற்றிச்செல்லவே வந்தேன்" என்று சொல்ல அங்கு இடமில்லை. அந்நாளில் என்ன செய்வாய் என்னும் வினாவுக்கு விடை கண்டவன் படைக்குப் போகலாம். விடை காணாதவன் பணமில்லை என்னும் ஒரே காரணத்தால் அங்கே போவது தனக்கும் படைக்கும் தீங்கு.

அவ்வாறாயின் ஏழைப் பிள்ளையின் கனவு என்னாவது? இங்கேதான் அரசும் ஊரும் தம் கடமையை உணர வேண்டும். மருத்துவனை அரசு தன் செலவில் உருவாக்குகிறது. அவன் கையிலே துப்பாக்கியைக் கொடுப்பதில்லை. விமானியையும் அவ்வாறே கடனுதவியாலும் புலமைப்பரிசிலாலும் உருவாக்கலாம். ஊதியத்திலிருந்து அக்கடனைத் திரும்பப் பெறலாம். 2019 ஒக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சிலகாலம் மூடப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டும் சென்னைச் சேவையைத் தொடங்கியது. நம் வானத்தின்மேற் செல்லும் அவ்விமானங்களை நம் பிள்ளைகளும் ஓட்ட வேண்டும் என்று விரும்புவோர், வெளிநாட்டிலுள்ள உறவினர் உட்பட, ஆண்டுக்கு ஒரு பிள்ளையையேனும் பொறுப்பேற்றல் இயலாத காரியமன்று. விமானம் ஓட்டுவதொன்றே வானத்து வேலையும் அன்று. விமானப் பொறியியல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை ஆய்வு என்னும் துறைகளும் உண்டு. சோளகத்தையும் வாடையையும் முகத்தாலே அறியும் மன்னார்ப் பிள்ளைக்கு வானிலை நூல் அந்நியமாகாது.

ஆசிரியரும் பெற்றோரும் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. எந்த வழியாயினும் வேண்டப்படுவன கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் நலமான உடலுமே. அவற்றைப் பத்தாம் வகுப்பிலிருந்தே உறுதிசெய்து, கண்ணையும் மருத்துவரிடம் காட்டிவைத்தல் வேண்டும். பிள்ளை சீருடைவழியை விரும்பினால் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்து, எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவு, பறப்பிலே தேறாவிடின் என்ன கதி என்னும் மூன்றையும் எழுத்திலே கேட்டறிந்த பின்னரே அவனைக் கையொப்பமிட விடுங்கள்.