ஈரப் படுதாவை மடிக்காதீர்

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி, நெல்லுக்கும் பெயர்பெற்ற ஊர். பிளாஸ்டிக் பாய்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், களத்து மணிகளை மூடக் கித்தான் படுதா வைத்திருப்போர் உண்டு. பருத்தி நூலால் ஆன இதனை ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடித்து நூல் இற்றுவிடும்.

படுதா ஒழுகினால் நட்டம் நமக்கே. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. நனைந்த நிலக்கடலையிலோ பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது.

பராமரிக்கும் முறை:

1. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கி, இருபுறமும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

2. சோப்பு, சலவைத்தூள் வேண்டாம். நீர்புகாப் பூச்சு போய்விடும். கல்லில் அடித்தும் துவைக்காதீர்கள்.

3. கொடியில் போட்டு, மடிப்பும் தையலும் காயும்வரை உலர்த்துங்கள்.

4. கிழிசலுக்கு அதே துணியில் ஒட்டுப்போடுங்கள். தையலில் ஒழுகினால் மெழுகுக்கட்டியைத் தேயுங்கள்.

5. உரமூட்டை, பூச்சிமருந்து அருகில் இன்றி, எலி அண்டாத பரண்மேல் வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். பட்டுச் சேலையை ஈரத்தோடு யாரும் மடிப்பதில்லை. படுதாவுக்கும் அதுவே விதி.