மிதவைத் துறையின் அடிப்பக்கம்

அலாஸ்காவின் சிட்கா நகரில் ஓதம் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். அதனால் அங்கே மீன்பிடிப் படகுகளைக் கட்டும் துறைகள் பெரும்பாலும் மிதவைகள். கடல் ஏறும்போது அவையும் ஏறும், இறங்கும்போது கூடவே இறங்கும். மேலே நடப்பவருக்கு அது வெறும் பலகைப் பாதை. விளிம்பில் குப்புறப் படுத்து நீருக்குள் எட்டிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்க உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்: சிப்பிபோல் ஓடு கட்டிய கொட்டலசுகள், கறுத்த ஆளிகள், கடற்பஞ்சுகள், சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும் புழுக்கள்.

கடலுயிர்களை முதன்முதலாகப் படிக்க வரும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். பாறைக் கரையில் நீர் வற்றும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடலடிக்குப் போக முக்குளிக்கத் தெரிய வேண்டும். மிதவையின் அடிப்பக்கமோ எந்த நேரமும் நீரில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தரையில் ஊர்ந்து வேட்டையாடும் நட்சத்திர மீன்களும் நண்டுகளும் அங்கே எளிதில் ஏறிவர முடியாது; மென்மையான உடல் கொண்டவை அடர்ந்து வளர அதுவும் ஒரு காரணம்.

இந்த வளர்ச்சியை அளக்க ஸ்மித்சோனியன் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் கையாளும் முறை மிக எளியது. 14 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர பி.வி.சி. தகட்டை ஒரு செங்கல்லில் கட்டி, துறையிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுகிறார்கள். தகட்டின் முகம் கீழ்நோக்கி இருக்கும். மேல்நோக்கி இருந்தால் வண்டல் படியும், வெளிச்சம் பட்டுப் பாசி மூடும். மூன்று மாதம் கழித்துத் தூக்கினால், வெறுமையாகப் போன தகட்டில் ஒரு குடியிருப்பே உருவாகியிருக்கும். அதே மையத்தின் ‘பிளேட் வாட்ச்’ திட்டத்தில் அலாஸ்காவின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்மக்களும் இப்படித் தகடுகளைக் கட்டி, படமெடுத்து, கண்டதைப் பதிவு செய்கிறார்கள்.

அவர்கள் முக்கியமாகத் தேடுவது அசிடியன்களை. பார்வைக்குக் கொழகொழப்பான பை அல்லது வண்ணப் பூச்சு. தொட்டால் சில வகைகள் நீரைப் பீய்ச்சும். ஆனால் தகட்டிலுள்ள உயிர்களில் நமக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். முட்டையிலிருந்து வரும் அதன் இளவுயிரி தலைப்பிரட்டையைப் போல நீந்தும்; அதன் வாலுக்குள் முதுகுநாண் ஓடும். மனிதக் கருவிலும் தொடக்கத்தில் அதே முதுகுநாண் உருவாகிறது. இளவுயிரிக்கு நீந்தக் கிடைப்பது பெரும்பாலும் சில மணி நேரமே. அதற்குள் ஒரு இடம் தேடித் தலையை அழுத்தி ஒட்டிக்கொள்கிறது. பிறகு வால் உள்ளிழுக்கப்பட்டுக் கரைகிறது, முதுகுநாணும் மறைகிறது. எஞ்சியது ஒரு துளை வழியே நீரை இழுத்து, நுண்ணுயிர்களை வடிகட்டி, மறு துளை வழியே வெளியேற்றிக்கொண்டு ஒரே இடத்தில் வாழ்ந்துவிடும். பள்ளிப் பாடத்தில் ‘வால்நாணிகள்’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் பிரிவு, கையில் தகட்டுடன் நிற்கும் மாணவருக்கு உயிருள்ள ஒன்றாகிறது.

இத்தனை குறுகிய நேரம் நீந்தும் உயிர் தானாகப் பெருங்கடலைத் தாண்டாது. படகின் அடியில் ஒட்டியோ, வளர்ப்புச் சிப்பிகளுடன் சேர்ந்தோதான் போகும். அப்படிப் பரவியவற்றில் கடுமையானது டைடெம்னம் வெக்ஸில்லம் என்ற அசிடியன். வெளிர் மஞ்சள் விரிப்பாகப் படர்ந்து ஆளிகளையும் சிப்பிகளையும் மூடிவிடும். பிய்ந்து விழும் துண்டும் மறுபடி ஒட்டி வளரும். அட்லான்டிக்கின் ஜார்ஜஸ் பேங்க் மீன்பிடித் திட்டில் 230 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடலடியில் இது பரவியிருப்பது அறியப்பட்டது. அலாஸ்காவில் இது முதன்முதலில் பிடிபட்டது 2010 ஜூனில், சிட்காவின் வைட்டிங் துறைமுகத்தில். அறிவியலாளர்களுடன் தன்னார்வலர்களும் இறங்கி நடத்திய ஒரு கணக்கெடுப்பில்தான் அது கண்ணில் பட்டது.

இப்படிப் புதிதாக வந்த அயல் உயிர் எதுவும் கிடைக்காத தகட்டைப் பதிவு செய்வது இளம் மாணவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். அந்தப் பதிவின் அருமையை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் அறியும். 1998 செப்டம்பரில் அங்கே நடந்த ஆய்வில் கறுப்புக்கோட்டு ஆளி இல்லை. வெப்பமண்டல அமெரிக்கக் கடலைச் சேர்ந்த இந்த ஆளி 1967இலேயே விசாகப்பட்டினத்தில் குடியேறியிருந்தது. 1999 மார்ச்சில் டார்வினின் கல்லன் பே படகுத்துறையில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, சில இடங்களில் சதுர மீட்டருக்கு 20,000க்கும் மேல் பெருகியிருந்தது. முந்தைய ஆய்வில் இல்லை என்று எழுதி வைத்திருந்ததால், அது ஆறு மாதத்துக்குள் பெருகியது என்பதும், நாள் கடத்த நேரமில்லை என்பதும் தெரிந்தன. டார்வினில் ஓதம் 8 மீட்டர் வரை போகும். அதனால் அங்குள்ள படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தன. அவற்றை மூடி, நீரில் குளோரின் கரைசலும் மயில்துத்தமும் கலந்தார்கள். வெளியே போயிருந்த படகுகளையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். கடலில் குடியேறிய ஒரு அயல் உயிரை முழுதாக ஒழித்த மிகச் சில நிகழ்வுகளில் அது ஒன்று. சில வாரங்களிலேயே வேலை முடிந்தது.