பணியிடத்தில் சொல்லும் செவியும்

பணியிடத்தில் நடைபெறும் வேலைகளில் பெரும்பாலானவை சொல்லால் தொடங்கிச் சொல்லாலேயே முடிகின்றன. மருத்துவமனையாயினும், தொழிற்சாலையாயினும், பள்ளியாயினும், திருச்சபையின் அலுவலகமாயினும், ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுச் செய்வதே அங்கு நிலவும் அமைப்பாகும். ஆகவே கருத்துப் பரிமாற்றம் பணிக்குப் புறம்பானதோர் அலங்காரமன்று. அது பணியின் ஒரு பகுதியேயாகும்.

இதுபற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் யாதெனில், தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசினால் கேட்பவர் விளங்கிக்கொள்வார் என்பதே. பிரசங்கபீடத்தில் நின்று பழகிய நம்மை இவ்வெண்ணம் எளிதில் பற்றிக்கொள்ளும். ஏனெனில் அங்கே கேட்கிறவர்கள் மறுமொழி கூறுவதில்லை. ஆனால் பணியிடத்தில், சொன்னவர் வாய்மூடியவுடன் கருத்துப் பரிமாற்றம் முடிந்துவிடுவதில்லை. கேட்டவர் எதைப் பெற்றுக்கொண்டார் என்பது சொன்னவரிடம் திரும்பி வந்து சேரும்போதே அது நிறைவு பெறுகிறது. இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்ட துறை விமானத் துறையாகும். அதையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தெனெரிஃப் விபத்து

1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டிற்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றான தெனெரிஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துக்கும் மற்றது அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்கும் உரியவை. அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால் பல விமானங்கள் இந்நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவரால் விமானங்களைக் காண இயலவில்லை; விமானிகளாலும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. எல்லாம் சொல்லையே சார்ந்திருந்தது.

கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் நிற்க, மற்ற விமானம் அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புறப்பட்டபின் எவ்வழியே பறக்கவேண்டும் என்பதைக் கோபுரம் கே.எல்.எம். விமானத்துக்கு அறிவித்தது. அது மேலெழும்புவதற்கான அனுமதியன்று. ஆயினும் அவ்வறிவிப்பினுள் ‘மேலெழும்புதல்’ என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. தலைமை விமானி விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். துணை விமானி, கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தாங்கள் மேலெழும்புதலில் இருப்பதாகக் கூறி முடித்தார். புறப்பட ஆயத்தமாய் நிற்கிறார்கள் என்று அதைக் கோபுரத்தில் இருந்தவர் பொருள்கொண்டு, ‘சரி’ என்றார். பின்னர், காத்திருக்கும்படியும் தாம் அழைப்பதாகவும் சொன்னார். அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானியும் தாங்கள் இன்னும் பாதையிலேயே இருப்பதாக அறிவித்தார். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதின. கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாய்க் கேட்டது ‘சரி’ என்னும் சொல்லே. எஞ்சியது கீச்சொலியில் மறைந்தது.

அடுத்து நடந்ததும் கவனிக்கத்தக்கது. பின்னர் வானொலியில் கேட்டவற்றைக் கொண்டு ஐயமுற்ற கே.எல்.எம். விமானப் பொறியாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாய்க் கூறினார். அவ்வினா மீண்டும் எழவில்லை. தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பிறரைச் சோதித்துத் தகுதி வழங்கியவர். அவருடைய சொல்லுக்கு அத்துணை மதிப்பு இருந்ததே அவ்வேளையில் ஆபத்தாயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்தும் இதைப் போன்றவற்றிலிருந்தும் நான்கு கோட்பாடுகளை நாம் பெறலாம்.

1. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்

இவ்விபத்துக்குப்பின், மேலெழும்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை இரத்துச் செய்யும்போதோ அன்றி, ‘மேலெழும்புதல்’ என்னும் சொல்லைக் கோபுரம் வழங்கலாகாது என்றும், பிற வேளைகளில் ‘புறப்பாடு’ என்றே கூறவேண்டும் என்றும் வழக்கம் திருத்தப்பட்டது. நமது அலுவலகங்களிலும் இருபொருள் தரும் சொற்களுக்குக் குறைவில்லை. ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று மேலாளர் ஒருவர் சொன்னால், உடனே செய்யச் சொல்கிறாரா, பொறுத்திருக்கச் சொல்கிறாரா? யார், எதை, எந்நாளுக்குள் செய்யவேண்டும் என்னும் மூன்றும் அடங்காத கட்டளை அரைக் கட்டளையே.

2. திருப்பிச் சொல்லுதலும் அதைச் சோதித்தலும்

கீழ்ப்பணியாளர் ‘சரி ஐயா’ என்று சொல்வது மரியாதையின் அடையாளமேயன்றி, விளங்கிக்கொண்டதன் அடையாளமன்று. மருத்துவர் தொலைபேசியில் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லும்போது, நல்ல செவிலியர் அதை எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, மருத்துவர் உறுதிசெய்த பின்னரே மருந்தை எடுக்கிறார். ஆங்கிலத்தில் 15, 50 என்னும் எண்களின் ஒலி எவ்வளவு நெருக்கமானது என்பதை எண்ணிப்பார்த்தால் இவ்வழக்கத்தின் அருமை விளங்கும். ஆனால் திருப்பிச் சொல்வது மட்டும் போதாது. தெனெரிஃபில் துணை விமானி திருப்பிச் சொல்லத்தான் செய்தார். அவருடைய கடைசித் தொடரின் பொருளைத் துருவிக் கேட்பாரில்லை. முதலில் சொன்னவர், திரும்பி வருவதைக் கவனத்தோடு கேட்டுச் சோதிக்கவேண்டும்.

3. ஐயத்தை வெளிப்படையாய்க் கூறுதல்

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்டு நகருக்கு அருகே யுனைடெட் நிறுவனத்தின் விமானமொன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் மாண்டனர். தலைமை விமானி சக்கரங்களின் பழுதிலேயே கருத்தூன்றியிருந்தார். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அறிந்திருந்தும், அதை அவர் மனத்தில் தைக்குமாறு காலத்தோடு சொல்லவில்லை. 1979இல் நாசா இப்பொருள் குறித்து ஆய்வரங்கம் கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே இதற்கென விரிவானதொரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய பயிற்சியின் சாரம் இதுவே: ஐயம் எழுந்தால் அதைச் சாடையாய் உணர்த்தாமல் நேராய்ச் சொல், அதன் காரணத்தைக் கூறு, செய்யத்தக்கதை எடுத்துரை, செவிகொடுக்கப்படாவிடில் மறுபடியும் சொல். இது பணிவின்மையாகாது.

4. மூத்தவரின் கடமை

கீழிருப்பவர் பேசவில்லையே என்று குறைகூறுவது எளிது. அவர் பேசத்தக்க சூழலை அமைப்பதோ மூத்தவரின் பொறுப்பு. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், யுனைடெட் நிறுவனத்தின் வேறொரு விமானம் நடுவானில் தன்னைத் திருப்பும் ஆற்றல் அனைத்தையும் இழந்தது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் உடனிருந்தோர் அனைவரின் யோசனையையும் கேட்டார். பயணியாய் வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் அறைக்குள் அனுமதித்து, இயந்திரங்களின் விசையைக் கட்டுப்படுத்தும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். சூ சிட்டி நகரில் விமானம் தரையில் மோதி நொறுங்கியபோதிலும், 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். மேற்கூறிய பயிற்சியே இதற்குத் துணைநின்றது என்று ஹெய்ன்ஸ் பின்னர் எடுத்துரைத்து வந்தார்.

மருத்துவத் துறையும் இப்பாடத்தைக் கைக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 குறிப்புகள் உள்ளன. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய்திறந்தவர், தவறு காணும்போது மறுமுறை வாய்திறப்பது எளிதாகும். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்தியபோது, அறுவைச் சிகிச்சைக்குப்பின் நேரும் மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

நமது பணியில்

ஆயர்களாகிய நமக்கும் இது பொருந்தும். நாம் உபதேசியாரோடும், கணக்கரோடும், விடுதிக் காப்பாளரோடும், சபைக் குழுவோடும் பணியாற்றுகிறோம். ‘ஐயர் சொல்லிவிட்டார்’ என்றவுடன் பேச்சு அடங்கிவிடும் குழுவைக் கண்டு நாம் மகிழ்வதுண்டு. அது ஒற்றுமையாகவும் இருக்கலாம்; தெனெரிஃபில் விமானப் பொறியாளர் காத்த மௌனமாகவும் இருக்கலாம். கணக்கில் பிழை கண்ட எழுத்தரும், விடுதிப் பிள்ளை ஒருவனுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்த சமையற்காரரும், நம் முகம் கோணுமோ என்று அஞ்சி வாளாவிருந்தால், அம்மௌனத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே நாம் சில எளிய வழக்கங்களை மேற்கொள்வது நலம். கூட்டம் கலையுமுன், யார் எதை ஏற்றுக்கொண்டார் என்பதை ஏற்றவர் வாயாலேயே சொல்லச் செய்வோம். ‘விளங்கிற்றா?’ என்று கேளாமல், ‘எப்படிச் செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்போம். குழுவில் இளையவரை முதலில் பேசவிட்டு, நம் கருத்தை இறுதியில் கூறுவோம். நம்மை மறுத்துரைத்தவருக்கு, அவர் கூறியது தவறாயிருந்தாலும், நன்றி சொல்வோம். அடுத்த முறை அவர் கூறுவது சரியாயிருக்கக்கூடும். சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் ஒரு பங்கையேனும் கேட்பதற்குச் செலவிடுவது, பிறர்மீது அதிகாரம் பெற்ற ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.