தணிகையும் பிணியும்

தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் தொண்டை நாட்டு வடபாலதாகிய திருத்தணிகை, முருகப்பெருமான் சூரனொடு பொருத சினந் தணிந்து எழுந்தருளிய மலை என்பது தலவரலாறு. இத்தலத்திற்கு அருணகிரிநாதர் அருளிய திருப்புகழ்களுள், இருமலை முதலாக வைத்து நோய்களை எண்ணும் பாடலைப் பிணியுற்றார் பலரும் ஓதி வருகின்றனர். அதன் கருத்து யாது, அதனை ஓதுவார் மருந்தை ஒழித்தல் வேண்டுமோ என்பன ஈண்டு ஆராயற்பாலன.

அப்பாடலிற் காணும் பெயர்கள் மருத்துவ நூலார் வழங்குவனவே. முயலகன் என்பது வலிப்பு, பெருவயிறு மகோதரம், ஈளை கோழை மிகுந்து மூச்சிரைத்தல், சோகை குருதி குன்றி உடல் வெளுத்தல், களமாலை கழுத்தில் நிரலாக எழுங் கட்டி. நீரிழிவும் தலைவலியும் இன்றும் அப்பெயரானே அறியப்படுவன. 15-ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரியார், உடம்பின் துன்பத்தைப் பொய்யென்று ஒதுக்காது பெயர்கூறி முறையிட்டார் என்க.

இவற்றுள் சூலையும் முயலகனும் சைவர் நன்கறிந்தவை. திருநாவுக்கரசரைத் திருவதிகை வீரட்டத்திற்கு மீட்டது சூலை. கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திலே தீர்த்தருளினார். கூத்தப்பெருமான் திருவடிக்கீழ்க் கிடப்பவன் பெயரும் முயலகனே; அவனை ஆணவமலத்தின் குறியாகக் கொள்வர் சித்தாந்திகள். உடற்பிணிக்கும் உயிர்ப்பிணிக்கும் ஒரு பெயர் அமைந்தமை உன்னுக. அருணகிரியாரும் இப்பிறவி நோய் தீர்தலோடு அமையாது, பிறவிதோறும் நோய் நலியாதபடி திருவடியையே வேண்டினார்.

அற்றேல், நோய் வினைப்பயனாகலின் மருந்து வேண்டா எனின், அது பொருந்தாது. பசியும் வினைவழி வருவதே. அதற்கு உணவை மறுப்பார் யாருமிலர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே, மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறியும் சிலவற்றை மருந்தூட்டியும் தீர்த்தல்போல, இறைவனும் இன்பதுன்பங்களை நுகர்வித்து வினையை அறுப்பன் என்றார். மருத்துவன் செயல் இகழத்தக்கதாயின் அதனை இறைவன் அருட்செயலுக்கு உவமையாக்கார். ஆகவே, படுக்கையிற் கிடப்பார்க்கு மருந்தை விலக்கிப் பாடலை மட்டும் ஓதுவித்தல் ஆசிரியர் கருத்தன்று. நோயுற்றாரைப் பாவி என்று பழித்தலும் தகாது. சூலையுற்றவரை அன்றோ நாம் அப்பர் என்று தொழுகின்றோம்!

திருவள்ளுவனாரும் மருந்ததிகாரத்திலே நோய் நீக்குதலைத் தணித்தல் என்னுஞ் சொல்லாற் கூறினார். மருத்துவன் தணிப்பது உடலின் வெம்மை; தணிகைப் பெருமான் தணிப்பது பிறவியின் வெம்மை. ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று. மருந்துண்ட வாயாலேயே திருப்புகழ் ஓதுக.