தபாலில் வரும் "பரிசு"

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து ஹெப்பகோடி அறைக்குத் திரும்பும் நம்மவர் பலருக்கு, ஊரில் வயதான தாயோ தகப்பனோ தனியே இருக்கிறார்கள். மாதாமாதம் இங்கிருந்து போகும் பணத்தின் மேல் கண் வைத்திருப்போர் உண்டு. அவர்கள் கதவைத் தட்டுவதில்லை, தபாலில் வருகிறார்கள்.

உறையைப் பிரித்தால் சுரண்டும் அட்டை. சுரண்டினால் கார், அல்லது பல லட்சம் ரூபாய். (யார் சுரண்டினாலும் விழும்!) கூடவே முத்திரை குத்திய கடிதம், போன் நம்பர். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசி, முதலில் வரி கட்டச் சொல்வார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் முளைக்கும்.

இதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. மணியார்டரைத் தபால்காரர் கையால் வாங்கிப் பழகியவர்கள், அவர் கொண்டு வருவது பொய்யாகாது என்று நம்புகிறார்கள். உறைக்குள் இருப்பது அவருக்கும் தெரியாதே!

ரொக்கப் பரிசானால், கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பதுதான் சட்டம். தமிழ்நாட்டிலோ லாட்டரிக்கே 2003ல் தடை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டாயா அம்மா" என்பதோடு "தபால் ஏதும் வந்ததா" என்றும் கேட்கலாம். ஏமாந்தது தெரிந்தால் சீறக் கூடாது. சீறினால் அடுத்த உறையை ஒளித்து வைப்பார். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு போன் செய்து, பாங்கிலும் சொல்ல வேண்டும். உறையைக் கிழித்தெறிய வேண்டாம். எந்தத் தபாலாபீசில், என்றைக்குப் பதிவானது என்பது அதன் மேல்தான் இருக்கும்.